சொல்லெண்ணிக் கூலி: மொழிபெயர்ப்புத் தொழிலில் நடுவில் நிற்பவரின் வேலை

1

மொழிபெயர்ப்பு குறித்து நமது சிறுபத்திரிகைச் சூழலில் நடந்துள்ள விவாதங்கள் பெரும்பாலும் இலக்கியப் பிரதிகளையும் கோட்பாட்டுப் பிரதிகளையும் சுற்றியே அமைந்தவை. மூலத்துக்கு விசுவாசமா, வாசகருக்கு விசுவாசமா? கலைச்சொல்லைத் தமிழாக்குவதா, ஒலிபெயர்ப்பதா? ஆங்கிலம் வழியாக வந்து சேர்ந்த பிரெஞ்சுச் சிந்தனை பிரெஞ்சுச் சிந்தனைதானா? இவை வேண்டாத விவாதங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவற்றுக்கு வெளியே தமிழில் அன்றாடம் மொழிபெயர்க்கப்படும் பெரும் பரப்பு ஒன்று இருக்கிறது. அழுத்து இயந்திரத்தின் கையேடு, செல்போன் திரையில் வரும் கட்டளைகள், மருந்துச் சோதனைக்கு ஆள் சேர்க்கும்போது கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம், காப்பீட்டு விதிமுறை, தொழிற்சாலைச் சுவரில் ஒட்டுகிற எச்சரிக்கை. இவற்றுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது, மொழிபெயர்ப்பாளர் பெயர் கிடையாது, மதிப்புரையும் கிடையாது. ஆனா படிக்கிறவங்க இருக்காங்க. படித்துவிட்டு அதன்படி இயந்திரத்துக்குள் கையை விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பிரதிகள் உற்பத்தியாகும் இடத்தில் நான் வேலை பார்க்கிறேன். மொழிபெயர்ப்பாளராக அல்ல, திட்ட மேலாளராக. தொழில் வழக்கில் பி.எம். கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. நான் விவரிக்கப்போவது இத்துறையின் பொது வழக்கம். முன்பு அம்பத்தூர்ப் பக்கம் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். 2020 கொரோனா ஊரடங்குக்குப் பிறகு அலுவலகமே செம்பரம்பாக்கத்தில் என் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது.

பி.எம். என்ன செய்கிறார்? கோப்பு வரும். மென்பொருளில் போட்டுச் சொற்களை எண்ண வேண்டும். விலை சொல்ல வேண்டும். எந்த மொழிக்கு யார் என்று ஆள் பிடிக்க வேண்டும். கெடு வைக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கேட்கும் சந்தேகத்தை மேலே அனுப்பி, பதில் வந்தால் கீழே அனுப்ப வேண்டும். சரிபார்ப்பவர், பக்கம் அமைப்பவர், கடைசிச் சோதனை என்று ஒவ்வொரு கையாக நகர்த்தி ஒப்படைக்க வேண்டும். பிறகு பில். ஒரே சமயத்தில் பதினைந்து இருபது வேலை ஓடும். ஒன்று நின்றால் மற்றதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து முட்டும். அன்னைக்குத் தூக்கம் கிடையாது.

இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். இத்துறையில் எல்லோரும் 'அவசரம்' என்று சொல்வது காலத்தின் இயல்பு அல்ல, தொழில்நுட்பத்தின் இயல்பும் அல்ல. வாக்கியத்தை அதன் சூழலிலிருந்து வெட்டியெடுத்து, வெட்டிய துண்டுக்கு எண்ணிக்கைப்படி விலை வைக்கும் ஒரு முறையிலிருந்து அது பிறக்கிறது. வெட்டு விழும் இடத்தில்தான் பி.எம்.மின் நாற்காலி போடப்பட்டிருக்கிறது.

2

மூளை உழைப்பையும் துண்டு துண்டாகப் பிரிக்கலாம் என்று தெளிவாக எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் சார்லஸ் பாபேஜ். கணினியின் முன்னோடி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவரேதான். இயந்திரங்கள், உற்பத்தி ஆகியவற்றின் பொருளாதாரம் பற்றி 1832இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு பிரெஞ்சு உதாரணம் வருகிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, புதிய தசம முறைக்கேற்ற மடக்கை அட்டவணைகளைத் தயாரிக்கும் பொறுப்பு ப்ரோனி என்னும் பொறியாளரிடம் தரப்பட்டது. அவர் ஆட்களை மூன்று அடுக்காகப் பிரித்தார். மேலே ஐந்தாறு கணித அறிஞர்கள், சூத்திரம் வகுப்பதற்கு. நடுவில் ஏழெட்டுப் பேர், சூத்திரத்தை எண்களாக்கிக் கீழே கொடுத்து, வந்ததைச் சரிபார்ப்பதற்கு. கீழே அறுபதிலிருந்து எண்பது பேர். அவர்களுக்குக் கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

பாபேஜ் இதிலிருந்து ஒரு பொருளாதார உண்மையைக் கண்டெடுத்தார். ஒரு வேலையை முழுசாக ஒருவரிடம் கொடுத்தால், அதிலுள்ள மிகக் கடினமான பகுதியைச் செய்யத் தெரிந்தவருக்குரிய கூலியை மொத்த வேலைக்கும் தர வேண்டியிருக்கும். பிரித்துவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் தேவையான திறமையை மட்டும் அதற்குரிய மலிவில் வாங்கிக்கொள்ளலாம். உழைப்பின் சீரழிவு குறித்து 1974இல் எழுதிய ஹாரி பிரேவர்மன் இந்தப் பாபேஜ் விதியை விரிவாகப் பேசுகிறார். சிந்திப்பது ஒரு பக்கமும் செய்வது இன்னொரு பக்கமுமாகப் பிரிக்கப்படுவதே நவீன நிர்வாகத்தின் அடிப்படை என்பது அவரது வாதம்.

நான் ப்ரோனியின் அந்த ஏழெட்டுப் பேரில் ஒருத்தி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கூட்டலுக்குச் சூழல் வேண்டாம். ஏழும் ஐந்தும் எங்கே இருந்தாலும் பன்னிரண்டுதான். வாக்கியம் அப்படியா?

எனக்கு வரும் கோப்புகளில் பல, பத்தியாக இருப்பதில்லை. எக்செல் தாளில் வரிசை வரிசையாகத் துண்டுகள் இருக்கும். ஒரு கட்டத்தில் 'ஹோம்' என்று ஒரே ஒரு சொல். வீட்டுக்கடனைச் சேர்ந்த வீடா, செயலியின் முகப்பா? அடுத்த கட்டத்தில் 'ஓபன்'. திற என்ற கட்டளையா, திறந்திருக்கிறது என்ற தகவலா? ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தப்பித்துக்கொள்ளும், தமிழ் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். இன்னொரு கட்டத்தில் ஆள்பெயர் வருமிடத்தில் ஒரு குறி போட்டிருப்பார்கள். அதன் பின்னால் 'க்கு' சேர்த்தால் போதும் என்பார்கள். ரவிக்கு சரி. முருகன்க்கு? தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு புணர்ந்துதான் வரும், வெளியே நின்று ஒட்டாது என்பதை எந்த மென்பொருள் நிறுவனத்துக்கு யார் விளக்குவது? விளக்க நேரமும் இல்லை, விளக்குவதற்குக் காசும் இல்லை.

ஆவடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்களுக்குத் தொழில்நுட்பக் கையேடுகள் செய்து தருவார். இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார். "இதுல 'ரிலீஸ்'னு மட்டும் போட்டிருக்கும்மா. நெம்புகோலை விடணுமா, காத்தை வெளியேத்தணுமா? ஒரு படம் இருந்தா அனுப்புங்க, நான் இன்னைக்கே முடிச்சிடறேன்." அவர் கேட்பது சலுகை அல்ல, வேலைக்கு வேண்டிய மூலப்பொருள். நான் மேலே கேட்டேன். மேலே இருப்பவர் அவருக்கும் மேலே கேட்டார். படம் வந்தது, கோப்பை ஒப்படைத்து இரண்டு நாள் கழித்து.

3

அடுத்து, சொல் கணக்கு. இது புரிந்தால்தான் மற்றது புரியும்.

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் 1984இல் தொடங்கப்பட்ட ட்ராடோஸ் என்ற நிறுவனம், 1990களில் மொழிபெயர்ப்பு நினைவகம் என்னும் மென்பொருளைப் பரவலாக்கியது. (2005இல் அது எஸ்.டி.எல். நிறுவனத்திடமும், 2020இல் எஸ்.டி.எல். ஆர்.டபிள்யூ.எஸ். நிறுவனத்திடமும் போய்ச் சேர்ந்தன.) கருத்து எளிமையானது. மொழிபெயர்ப்பாளர் முடிக்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மூலத்தோடு ஜோடி சேர்த்து மென்பொருள் சேமித்துவைக்கும். நாளை அதே வாக்கியமோ, அதைப்போன்ற வாக்கியமோ வந்தால் பழையதை எடுத்துக் காட்டும். ஒரே சொல்லை ஒரே மாதிரி எழுத இது உண்மையிலேயே உதவுகிறது. கருவியைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

கருவி கூலிக்கணக்காக மாறும்போதுதான் விஷயம் வேறாகிறது. புதிய கோப்பை மென்பொருளில் போட்டவுடன் அது ஓர் அட்டவணை தரும். இத்தனை சொற்கள் கோப்புக்குள்ளேயே திரும்ப வருபவை, இத்தனை நூற்றுக்கு நூறு பொருந்துபவை, இத்தனை 95 முதல் 99 வரை, 85 முதல் 94 வரை, 75 முதல் 84 வரை, மிச்சம் புதியவை. ஒவ்வொரு படிக்கும் ஒரு தள்ளுபடி. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போமே. மொத்தம் 10,000 சொற்கள். அதில் 2,000 திரும்ப வருபவை, அவற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு கூலி. 2,500 முழுதும் பொருந்துபவை, ஐந்தில் ஒரு பங்கு. 2,500 பாதி பொருந்துபவை, நூற்றுக்கு அறுபது. 3,000 புதியவை, முழுக்கூலி. கூட்டினால் 200, 500, 1,500, 3,000. ஆக 5,200 சொற்களுக்குத்தான் பணம். விகிதங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கணக்கின் வடிவம் இதுதான்.

பணம் மட்டுமல்ல, நேரமும் இந்த 5,200ஐ வைத்தே கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 2,500 சொல் என்று வைத்தால் இரண்டு நாள். ஆனால் கையேடு பொருளோடு வர வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளர் படித்தாக வேண்டியது 10,000 சொற்களையும்தான்.

நினைவகத்தில் இருப்பது என்ன? அதே மொழிபெயர்ப்பாளரோ, அவரைப்போல இன்னொருவரோ முன்பு செய்த வேலை. மூலதனத்தை இறந்த உழைப்பு என்று மார்க்ஸ் அழைத்தபோது நூற்பாலைகள் அவர் கண்முன் இருந்திருக்கும். இங்கே ஓர் ஆளின் நேற்றைய வாக்கியமே அவரது இன்றைய கூலியைக் குறைக்கும் கருவியாகத் திரும்பி வருகிறது. நெசவாளியின் பழைய துணி அவருடைய தறிக்கு எதிராக வந்து நிற்பதில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு அது நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. பொருத்தம் என்பது மூலமொழியின் எழுத்து ஒற்றுமை, பொருள் ஒற்றுமை அல்ல. ஆங்கிலத்தில் இருபது சொல் கொண்ட ஒரு வாக்கியம், வால்வைத் திறக்கச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பில் 'நாட்' என்ற ஒரு சொல் கூடியிருக்கிறது. இயந்திரத்தின் பார்வையில் ஏறக்குறைய 95 விழுக்காடு பொருத்தம். கிட்டத்தட்ட பழைய வாக்கியம், ஆகவே கிட்டத்தட்ட இலவசம். தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசி வினைமுற்றில் இருக்கிறது. 'திறக்கவும்' என்பதற்கும் 'திறக்கக்கூடாது' என்பதற்கும் இடையே உள்ள தூரத்துக்கு இந்த அட்டவணையில் விலையே இல்லை. விளைவை வைத்து மதிப்பிட வேண்டிய ஒன்றை அளவை வைத்து மதிப்பிட்டால் இப்படித்தான் ஆகும்.

4

இனி அவசரம் எங்கே உற்பத்தியாகிறது என்று பார்ப்போம்.

உற்பத்தி நிறுவனம் நேராக மொழிபெயர்ப்பாளரிடம் வருவது அபூர்வம். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள பன்மொழிக் கம்பெனி ஒன்றிடம் முப்பது மொழிக்கும் மொத்தமாகக் கொடுக்கும். அது ஆசிய மொழிகளை ஒரு வட்டாரக் கம்பெனியிடம் தரும். அது இந்திய மொழிகளை எங்களைப் போன்றோரிடம் தரும். நாங்கள் ஆவடி ஆசிரியரிடம். ஒவ்வொரு படியிலும் விலை கொஞ்சம் கழிகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நேரமும் அதேபோலக் கழிகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஐந்து நாள் தரப்பட்ட ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கம்பெனி ஆரம்பத்தில் ஒரு நாளும் கடைசியில் ஒரு நாளும் தனக்கு ஒதுக்கிக்கொள்கிறது. இரண்டாவது கம்பெனி அரை நாளும் அரை நாளும். நாங்கள் சோதனைக்கென்று அரை நாள். மொழிபெயர்ப்பாளர் கையில் மிஞ்சுவது ஒன்றரை நாள். யாரும் தவறு செய்யவில்லை. எல்லோரும் 'பாதுகாப்பு இடைவெளி' வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு இல்லாதவர் கடைசி ஆள் மட்டுமே.

இதில் பூமி சுற்றுவதும் சேர்ந்துகொள்கிறது. ஜெர்மனியில் மாலை ஐந்து மணிக்கு வேலையை அனுப்பிவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போனால் இங்கே கோடையில் இரவு எட்டரை, குளிரில் ஒன்பதரை. அவருக்கு அது வெள்ளிக்கிழமை மாலை, நமக்கு அது சனி ஞாயிறு. திங்கள் காலை அவர் கணினியைத் திறக்கும்போது கோப்பு இருக்க வேண்டும். நாம் விழித்திருப்பது அவரது வேகமாகக் கணக்கில் ஏறுகிறது.

இந்தச் சங்கிலியில் பி.எம். யார்? பழைய சென்னையிலும் புதுச்சேரியிலும் துபாஷி என்றொருவர் இருந்தார். இரண்டு மொழி தெரிந்தவர் என்பது சொல்லின் பொருள். டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால் அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்ல என்பது தெரியும். சரக்கு, கடன், அரசியல் எல்லாம் அவர் வழியாகவே நடந்தன. மொழி அறிவு அவருக்கு அதிகாரமாயிற்று. இன்றைய பி.எம்.முக்கு மொழி தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நான் பதினொரு மொழிகளை நிர்வகிக்கிறேன், எனக்கு வாசிக்கத் தெரிந்தவை மூன்று. ஒடியாவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே ஒடியா நேரத்துக்கு வந்ததா என்று மட்டும் எனக்குத் தெரியும். துபாஷியைவிட, இலங்கை, மலேயாத் தோட்டங்களில் இருந்த கங்காணியின் இடத்துக்குத்தான் இது நெருக்கம். வேலைக்கு வந்த தலைகளை எண்ணி அவருக்குக் காசு. எனக்குத் தலைக்குப் பதில் சொல்.

இப்படிச் சொன்னதும் பி.எம்.மை வில்லனாக்கிவிட்டுப் போய்விடலாம். அதில் லாபமில்லை. பி.எம்.மும் கூலிதான். கெடு தவறினால் விலைக் குறைப்பு, தரப்புள்ளிக் குறைப்பு, பிறகு வாடிக்கையாளரின் கோபம் எல்லாம் அவர் தலையில். மேலேயிருந்து வரும் நெருக்கடி அவர் வழியாகக் கீழே போகும்போது கனிவான சொற்களாக மாற வேண்டும். "ப்ளீஸ் சார், கொஞ்சம் பார்த்து முடிச்சிக் குடுங்க சார்." மேலிடத்தின் அதிகாரம் கீழே கெஞ்சலாகப் போய்ச் சேர்வதுதான் இந்த இடத்தின் விசேஷம். ஆவடி ஆசிரியர் என்னிடம் கோபித்துக்கொள்ள முடியாது. நானும் அவரைப்போல மாட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். இந்த அனுதாபத்தின் மீதுதான் முழு அமைப்பும் நிற்கிறது.

5

இதெல்லாம் சரி, கூலிப் பிரச்சினை எல்லாத் தொழிலிலும் இருக்கு, இதுல என்ன புதுசு என்று கேட்கலாம். புதுசு என்னவென்றால் இங்கே வெட்டப்படும் நேரம் யாருடைய உடம்பில் போய் முடிகிறது என்பது.

நான் இருக்கும் செம்பரம்பாக்கம் சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. கிழக்கே பூந்தமல்லி, மேற்கே இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர். கார், செல்போன், அவற்றுக்கான உதிரிபாகம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கும் பகுதி. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு போகும். உள்ளே தென் மாவட்டத்துப் பெண்கள், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள். இவ்வகைத் தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் பல கொரியா, ஜப்பான், ஜெர்மனியிலிருந்து வருபவை. கையேடு முதலில் ஆங்கிலமாகும், பிறகு அந்த ஆங்கிலத்திலிருந்து தமிழும் இந்தியும் ஒடியாவும் ஆகும். நடு மொழியில் நிகழும் பிசகு எல்லா மொழிக்கும் சமமாகப் பங்கிடப்படும்.

எச்சரிக்கை வாசகங்களை எடுத்துக்கொள்வோம். 'டேஞ்சர்', 'வார்னிங்', 'காஷன்' என்ற மூன்றும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ஆன்சி இசட்535 தர விதிப்படி முதலாவது, தவிர்க்காவிட்டால் சாவோ கடுங்காயமோ நேரும் என்பதைக் குறிக்கும். இரண்டாவது, சாவோ கடுங்காயமோ நேரலாம் என்பதை. மூன்றாவது, சிறிய அல்லது மிதமான காயம் நேரலாம் என்பதை. தமிழில் அபாயம், எச்சரிக்கை, கவனம் என்று பிரித்துக்கொண்டால் இந்தப் படிநிலை காப்பாற்றப்படும். ஆனால் மூன்று பேருக்கு மூன்று துண்டாகப் பிரித்துக் கொடுத்து, ஒரே இரவில் வாங்கிச் சேர்த்தால் என்ன நடக்கும்? ஒருவர் மூன்றுக்கும் 'எச்சரிக்கை' போடுவார். இன்னொருவர் 'காஷ'னுக்கு 'ஜாக்கிரதை' என்பார். சுவரில் எல்லாம் ஒரே சிவப்பு எழுத்தாகிவிடும். எல்லாமே ஆபத்து என்று எழுதப்பட்ட இடத்தில் எதுவும் ஆபத்தாகத் தெரியாது.

இது கற்பனைப் பயம் அல்ல. 2006, 2007இல் பெர்லின் மருத்துவமனை ஒன்றில் 47 நோயாளிகளுக்குச் செயற்கை முழங்கால் மூட்டு தவறாகப் பொருத்தப்பட்டது. சிமெண்டுப் பசை வைத்துப் பொருத்த வேண்டிய மூட்டு அது. ஆங்கில உறையில் இருந்த குறிப்பு, பசை தேவையில்லை என்று ஜெர்மனில் புரிந்துகொள்ளப்பட்டதுதான் காரணம். ஓரிரு சொற்கள்தான். நமது அட்டவணைப்படி அவற்றின் விலை சில ரூபாய்.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிவிட்டு மொழி மட்டும் அல்ல என்பதை இங்குள்ள ஏரியே சொல்லும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பின்னர் குறிப்பிட்டது. 'கன அடி' பிழையற்ற தமிழ். ஆனால் அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தவருக்கு வேண்டியிருந்தது வேறு வாக்கியம்: தண்ணீர் உங்கள் தெருவில் எவ்வளவு உயரம் வரும், எப்போது வரும், எங்கே போக வேண்டும். சொல் மாறிவிட்டது, செய்தி போய்ச் சேரவில்லை. படிப்பவர் யார், அவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி இல்லாமல் நடக்கும் மொழிபெயர்ப்பு எல்லாம் இந்த வகையில்தான் சேரும். எங்கள் எக்செல் தாள்களில் அந்தக் கேள்விக்கென்று ஒரு கட்டம் இல்லை.

6

இப்போது இயந்திரம் வந்துவிட்டதே, இனி பி.எம்.மும் வேண்டாம், மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம் என்கிறார்கள். கூகுள் 2011இல் தமிழைச் சேர்த்தது. 2017இல் இந்திய மொழிகளுக்கு நரம்பியல் வலை முறை வந்தபோது தரம் கண்ணுக்குத் தெரிந்து உயர்ந்தது. இன்றைய மொழி மாதிரிகள் அதற்கும் மேலே போய்விட்டன. நல்ல தமிழ் வாக்கியம் சில விநாடியில் வருகிறது என்பதை மறுப்பது அசட்டுத்தனம்.

ஆனால் இந்தத் தொழிலில் அதன் பயன் எப்படி அமைகிறது? இயந்திரம் தந்ததை மனிதர் திருத்துவார், புதிய வாக்கியத்துக்குரிய கூலியில் ஒரு பகுதி தரப்படும், நேரமும் அதற்கேற்பக் குறையும். சரளமான வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் பிழையைக் கண்டுபிடிப்பது கரடுமுரடான வாக்கியத்தைத் திருத்துவதைவிடக் கடினம் என்பது இந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும். மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐ.எஸ்.ஓ. 17100 (2015) தரவிதி, மொழிபெயர்த்தவர் அல்லாத இரண்டாமவர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. இயந்திரம் தந்ததைத் திருத்துவது அதன் எல்லைக்குள் வராது, அதற்கு 2017இல் 18587 என்ற தனி விதி வந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர், அதைச் சோதிக்க இன்னொருவர் என்று இருந்த இரண்டு ஜோடிக் கண்கள், பல வேலைகளில் இப்போது ஒரு ஜோடியாகிவிட்டன. இயந்திரம் பிழை செய்கிறதா இல்லையா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பிழைக்குப் பதில் சொல்ல யார் நிற்கிறார்? ப்ரோனியின் கீழ் அடுக்கு கணினியாகிவிட்டது, சரி. கணினிக்குக் கையெழுத்து கிடையாதே.

7

என்ன செய்யலாம்? புரட்சிகரமான பதில் என்னிடம் இல்லை, சில திட்டவட்டமான பதில்கள் இருக்கின்றன.

1976 நவம்பரில் நைரோபியில் கூடிய யுனெஸ்கோ பொது மாநாடு மொழிபெயர்ப்பாளர்களின் பாதுகாப்புக்காக ஒரு பரிந்துரையை ஏற்றது. போதிய கால அவகாசம் தர வேண்டும், பிரதியைப் புரிந்துகொள்ள வேண்டிய ஆவணங்களையும் தகவல்களையும் தர வேண்டும், இயன்றவரை மூலமொழியிலிருந்தே மொழிபெயர்க்க வேண்டும், தாய்மொழிக்குள் மொழிபெயர்க்க வேண்டும் என்பவை அதில் உண்டு. நான் மேலே அடுக்கிய குறை ஒவ்வொன்றுக்கும் ஐம்பது ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்த பதில் அது. பரிந்துரைதான், சட்டம் அல்ல. ஆனாலும் கோரிக்கை எழுத ஒரு தளம்.

சட்டமும் முற்றிலும் கைவிடவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஊழியர் செய்த வேலைக்கு முதல் உரிமையாளர் முதலாளி. வெளியிலிருந்து செய்துதரும் சுயேச்சை மொழிபெயர்ப்பாளருக்கு இது பொருந்தாது, உரிமை அவரிடமே தொடங்குகிறது. 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எனவே கம்பெனி அனுப்பும் படிவத்தில் எல்லாக் காலத்துக்கும் எல்லா நாட்டுக்கும் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நினைவகம் யாருடைய சொத்து என்ற பேரம் அந்த வரியில்தான் தொடங்குகிறது. கூலி விஷயத்தில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் இருக்கிறது. தனி ஆளாகத் தொழில் செய்பவரும் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தியாவில் உள்ள வாங்குநர் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று பில்லில் அச்சடித்திருப்பதால் மட்டும் அது சட்டமாகிவிடாது.

இதோடு, பி.எம். வேலையில் இருப்பவர்கள் கேட்கக்கூடியவை உண்டு. ஆபத்து, மருந்தளவு, ஒப்புதல் தொடர்பான வாக்கியங்களுக்குப் பொருத்தத் தள்ளுபடி கூடாது. சந்தேகம் கேட்பதற்கும் பதில் தேடுவதற்கும் ஆகும் நேரம் கூலியில் சேர வேண்டும். முதல் கம்பெனிக்குத் தரப்பட்ட மொத்தக் கெடு எவ்வளவு என்பது கடைசி ஆளுக்கும் தெரிய வேண்டும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் மொழிபெயர்த்தவர், சரிபார்த்தவர் பெயரோ, விரும்பாவிட்டால் ஓர் அடையாள எண்ணோ இருக்க வேண்டும்.

பெயர் போடுவது பெரிய விஷயமா? மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் புத்தகங்களை நினைவிருப்பவர்கள் சொல்லட்டும். மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கும். மொழிபெயர்ப்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள் என்று வாசகரைக் கேட்டு முகவரியும் இருக்கும். அவற்றைத் தமிழகத்தில் பரப்பிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் இன்று இதே மேற்குப் புறநகரில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இருக்கிறது. எதை மொழிபெயர்ப்பது என்பதை அங்கே அரசு முடிவு செய்தது, அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாக்கியத்துக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், அவரிடம் கேட்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது.

கடைசியாக நம் பக்கம். உண்மையறியும் குழு அறிக்கையை நாளைக் காலைக்குள் ஆங்கிலமாக்கித் தர முடியுமா என்று தோழர்கள் இரவு பதினோரு மணிக்குக் கேட்கிறார்கள். சிறுபத்திரிகைக்கு ஒரு நீண்ட கட்டுரை, கூலி கிடையாது, மெய்ப்புப் பார்க்க நேரமும் கிடையாது. கம்பெனி அவசரத்தை உற்பத்தி செய்வது லாபத்துக்காக, நாம் செய்வது லட்சியத்துக்காக. வாக்கியத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தலித் குடியிருப்பில் நடந்த வன்முறை பற்றிய அறிக்கையில் ஒரு வினைமுற்று மாறினால் அது நீதிமன்றத்தில் யாருக்குச் சாதகமாகும் என்று நமக்குத் தெரியாதா? அறிக்கை எழுத நான்கு நாள் திட்டமிடுகிறவர்கள் அதை மொழிபெயர்க்கவும் இரண்டு நாளைச் சேர்த்தே திட்டமிடட்டும். மொழிபெயர்ப்பவரையும் குழுவோடு களத்துக்கு அழைத்துப் போகட்டும். செலவுக் கணக்கில் அவருக்கும் ஒரு வரி இருக்கட்டும். தொழிற்சாலையிடம் நாம் கேட்கப்போகும் நியாயத்தை முதலில் நம் பத்திரிகையின் அடுத்த இதழிலேயே தொடங்கிவிடலாம்.